காலண்டர் ஆர்டரும் காட்டு முயலும்

சிங்கப்பூர் போய்வந்தவனிடம் எல்லோரும் கேட்கிற கேள்விகளுக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். பறவைப் பூங்கா பார்க்கவில்லை. கேபிள் காரில் ஏறவில்லை. ஆர்க்கிட் தோட்டம் எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாது. நான் அங்கே நன்றாகப் பார்த்தது கேட்பாரற்றுக் கிடந்த ஒரு ரப்பர்க் காட்டை. அதற்குள் ஓடும் ஒரு சிமெண்டு வாய்க்காலை. அப்புறம், எப்போதும் எனக்குப் பின்னால் எங்கோ மூச்சிரைத்துக்கொண்டிருந்த சவரிமுத்து அண்ணாச்சியை.

விமானம் ஏறியது காலண்டருக்காக. சிவகாசியில் நான் வேலை பார்க்கும் அச்சகம், சிராங்கூன் சாலையில் கடை வைத்திருக்கும் இந்த அண்ணாச்சிக்கு வருடாவருடம் தினசரி காலண்டர் அடித்து அனுப்பும். நல்ல நேரம், ராகு காலம், விரத நாள் எல்லாம் போட்டு, மேலே முருகன் படமும் கீழே அவர் கடைப் பெயருமாக. போன தடவை அவசரத்தில் யாரோ உள்ளூர்த் தகட்டையே ஏற்றிவிட்டார்கள். விளைவு, சிங்கப்பூரின் தேசிய நாளான ஆகஸ்ட் ஒன்பது கறுப்பு. ஆகஸ்ட் பதினைந்து நல்ல ரத்தச் சிவப்பு. கப்பல் பட்டறையில் வேலை பார்க்கும் ஒரு புண்ணியவான் பதினைந்தாம் தேதி வேலைக்குப் போகாமல் படுத்துத் தூங்கிவிட்டு, மறுநாள் ஃபோர்மேனிடம் காலண்டரையே அட்டையோடு கழற்றிக்கொண்டுபோய்ச் சாட்சி காட்டியிருக்கிறார். ஃபோர்மேன் சீனர். முருகனைப் பார்த்தாராம், தாளைப் பார்த்தாராம், சம்பளத்தைப் பிடித்துவிட்டாராம். சம்பளம் போனவர் நேரே அண்ணாச்சி கடைக்கு வந்து நின்றுவிட்டார்.

"அடுத்த வருஷம் வேற அச்சகத்துல பாத்துக்கிறேன்" என்று அண்ணாச்சியிடமிருந்து தகவல் வந்தது. முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"நீதான இங்கிலீஷ் படிச்சவன். போயி ஆர்டரோட வா. இல்லைன்னா பைண்டிங்ல பாதிப் பேருக்கு ஐப்பசியில வேலை இல்லை."

அந்தப் பாதியில் என் அக்காவும் ஒருத்தி. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போனது நான் மட்டும்தான்; மற்றவர்கள் எல்லாம் தீப்பெட்டிக்கும் காலண்டருக்கும் போனவர்கள். ஆகவே தலையில் பாரத்தோடுதான் போய் இறங்கினேன்.

சாங்கியில் புது விமான நிலையம் திறந்து இரண்டு வருடம் ஆகியிருந்த சமயம் அது. தரையெல்லாம் கம்பளம். செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். யாரும் கழற்றவில்லை.

தங்கியது தேக்கா சந்தைக்குப் பக்கத்தில் ஒரு மெஸ்ஸின் மாடியில். மெஸ்காரர் சாவியைக் கொடுப்பதற்கு முன்பே எச்சரிக்கையைக் கொடுத்தார். "தம்பி, ரோட்டுல ஒரு துண்டு பேப்பர் போட்றாதீங்க. பஸ் டிக்கெட்கூட. புடிச்சா ஃபைன் லா." சட்டத்துக்குப் பயந்தவன் நான். அன்று முதல் பஸ் டிக்கெட், மிட்டாய்த் தாள், ஒருமுறை வாழைப்பழத் தோல் என்று எல்லாமே என் கால்சட்டைப் பைக்குள் போய்ச் சேர்ந்தன. இரண்டாம் நாளே பை தனியாக மணக்க ஆரம்பித்துவிட்டது.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. விருதுநகர்ப் பக்கத்தானுக்குப் பரோட்டாவைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. எங்கள் ஊரில் அதை எண்ணெயில் முக்கிப் பொரித்து, அப்பளம்போல் நொறுக்கித் தின்போம். தேக்காவில் தட்டில் வந்தது ஏதோ காய்ச்சலில் கிடந்து எழுந்ததுபோல் துவண்டு கிடந்தது. தொட்டுக்கொள்ளச் சீனி கேட்டார் பக்கத்தில் இருந்தவர். பரோட்டாவுக்குச் சீனி! நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நான்காம் நாள் நானும் சீனி கேட்டேன். அதை ஊரில் சொல்லவில்லை.

சவரிமுத்து அண்ணாச்சியின் கடை பூக்கட்டும் வரிசைக்கும் மசாலா அரைக்கும் மில்லுக்கும் நடுவில் இருந்தது. ஒரு மூச்சுக்கு மல்லிகை, அடுத்த மூச்சுக்கு மல்லி. உள்ளே சுவரில் அந்தோணியார் படம். அதற்குக் கீழே கட்டுக்கட்டாக முருகன், லட்சுமி, பிள்ளையார். அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். நல்ல வட்டமான வயிறு. காலில் மட்டும், பள்ளிக்கூடப் பையனைப்போல், பளிச்சென்ற வெள்ளைக் கான்வாஸ் சப்பாத்து.

நான் விமானத்தில் மனப்பாடம் செய்த மன்னிப்பை ஆரம்பித்தேன். "மதிப்பிற்குரிய ஐயா, கடந்த ஆண்டு நேர்ந்த அச்சுப் பிழைக்கு எங்கள் நிறுவனம்..."

"என்னப்பா, ரேடியோவுல நியூஸ் வாசிக்கிற மாதிரி பேசுற?" என்றார். "ஊர்ல எப்படிக் கூப்பிடுவீங்க?"

"அண்ணாச்சின்னு."

"அப்படியே கூப்பிடு. ஆனா ஆர்டர் பேச்சை எடுக்காத. அந்தக் காலண்டரை நினைச்சாலே எனக்குப் பிரஷர் ஏறுது." பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஓடுவியா?"

"எங்க அண்ணாச்சி?"

"எங்கயும் இல்ல. சும்மா. சனிக்கிழமை சாயங்காலம் நாங்க ஒரு கூட்டம் ஓடுவோம். ஓடி முடிச்சாத்தான் எனக்கு மனசு லேசா இருக்கும். அப்பக் கேளு ஆர்டரை."

நான் ஓடியது பஸ்ஸுக்காக மட்டும். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வகுப்பைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்வார். வீட்டில் "படிக்கிற புள்ளைக்கு என்ன வெளாட்டு?" என்பார்கள். தெருவில் எல்லாப் பிள்ளைகளும் புழுதியில் புரளும்போது நான் ஜன்னலுக்குள் உட்கார்ந்து சத்தமாக வாசித்துக்கொண்டிருப்பேன். தெருவே என்னைக் காட்டிக் காட்டித் தன் பிள்ளைகளை அடிக்கும். இருபத்தாறு வயதில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்கிற ஆளாக இருந்தேன். ஆனால் ஆர்டர் வேண்டுமே. "ஓடுவேன்" என்றேன்.

சனிக்கிழமை அண்ணாச்சி கொடுத்த இரவல் சப்பாத்து என் காலைவிடப் பெரிது. நடந்தால் நான் ஒரு அடி வைக்க, அது இன்னொரு அடி வைக்கும். லாரியின் பின்தட்டில் ஏறி உட்கார்ந்தோம். கடைக்காரர்கள், குமாஸ்தாக்கள், ஒரு பல் வைத்தியர், ஆ லெங் என்கிற சீன டாக்சிக்காரர். எல்லோருக்கும் அரைக்கால் சட்டை. எனக்கு மட்டும் தேய்த்த முழுக்கால் சட்டை.

விளையாட்டை விளக்கியவர் ராஜு. தஞ்சோங் பகார் துறைமுகத்தில் குமாஸ்தா. பேசும்போதே சிரித்துவிடுகிற ஆள். "தம்பி, இன்னிக்கு நான்தான் முயல். ஒரு பை நிறையப் பேப்பர் எடுத்துக்கிட்டு முன்னால ஓடுவேன். வழியில வழியில பேப்பர் போடுவேன். நீங்க அதைப் பார்த்துப் பார்த்துத் துரத்தி வரணும். நடுவுல பொய் வழியும் போடுவேன். கொஞ்ச தூரம் போனா பேப்பர் நின்னுரும். திரும்பி வந்து உண்மை வழியத் தேடணும். கண்டுபிடிச்சவன் 'பேப்பர்!'னு கத்தணும். அவ்ளோதான்."

"யார் ஜெயிப்பாங்க?"

"யாரும் ஜெயிக்க மாட்டாங்க லா."

"பரிசு?"

"கொசுக்கடி."

"அப்ப எதுக்கு ஓடுறீங்க?"

இதை நான் உண்மையாகத்தான் கேட்டேன். லாரியே சிரித்தது. ஆ லெங் என்ன என்று கேட்டு, ராஜு ஆங்கிலத்தில் சொல்ல, எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு அவர் தனியாக ஒருமுறை சிரித்தார்.

"பேப்பர் போட்டா ஃபைன் இல்லையா?" என்று கடைசியாக ஒரு சந்தேகம் கேட்டேன்.

"காட்டுக்குள்ளதானே. நாளைக்குக் காலையில ஆள் போய்ப் பொறுக்கிருவோம்" என்று சொல்லிவிட்டு, உட்லண்ட்ஸ் பக்கம் ஒரு மண் பாதையில் லாரி நின்றதும் ராஜு பையோடு குதித்து மறைந்தார். கொஞ்ச நேரம் விட்டு ஆ லெங் விசில் ஊதினார். கூட்டம் ஓடியது. நானும் ஓடினேன், என் சப்பாத்தும் அதன் போக்கில் வந்தது.

முதல் பேப்பர் ஒரு ரப்பர் மரத்தடியில் கிடந்தது. எல்லோரும் "பேப்பர்! பேப்பர்!" என்று கத்தியபடி அதைத் தாண்டிப் போனார்கள். நான் குனிந்து பார்த்தேன். மேலே பிள்ளையார் சுழி. கீழே ஏகாதசி. மூலையில் எங்கள் அச்சகத்தின் பெயர்.

அண்ணாச்சி விற்காமல் கிடந்த எங்கள் காலண்டரைத்தான் கிழித்து முயலுக்குக் கொடுத்திருக்கிறார்! என் அக்கா கையால் அடுக்கிய தாள். பிள்ளையார் சுழியின்மேல் ஆ லெங்கின் சப்பாத்து முத்திரை.

காகிதத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் என்று எங்கள் வீட்டில் ஓர் எழுத்துகூடத் தெரியாதவர்கள் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். படிக்கத் தெரியாதவர்கள் வீட்டில் காகிதத்துக்கு இருக்கிற மரியாதை, படித்தவர்கள் வீட்டில் இருப்பதில்லை. கை தானாகப் போனது. எடுத்தேன், கண்ணில் ஒற்றினேன், பையில் போட்டேன். அடுத்தது கிருத்திகை. எடுத்தேன். அடுத்தது பிரதோஷம்.

விளையாட்டு எனக்குப் புரியாமல் இல்லை. பேப்பர் வழிகாட்டி என்பது தெரியும். ஆனால் நான் யோசித்தது இப்படி: வழியைத்தான் நாம் பார்த்தாயிற்றே, வேலை முடிந்த பேப்பர் இனி குப்பைதானே? குப்பையும் எடுத்ததாயிற்று, சரஸ்வதிக்கும் மரியாதை, காலையில் பொறுக்க வருகிறவனுக்கும் உபகாரம். எனக்குப் பின்னாலும் ஆட்கள் வருகிறார்கள் என்பது மட்டும் தோன்றவில்லை. வகுப்பில் முதல் பெஞ்சிலேயே உட்கார்ந்தவனுக்குப் பின் பெஞ்சு எங்கே தெரியப்போகிறது?

முன்னால் ஓடியவர்கள் பொய் வழிகளில் போய்ப் போய்த் திரும்ப, நான் நின்று நிதானமாகப் பொறுக்கிக்கொண்டே அவர்களைப் பிடித்துவிட்டேன். கால்சட்டைப் பை நிறைந்து, சட்டைக்குள் போட ஆரம்பித்தேன். ஏழெட்டுப் பேரோடு காட்டைவிட்டு வெளியே வந்தபோது லாரியில் ராஜு சோடா குடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி," என்றார் என் சட்டையைப் பார்த்து, "ஓடினா வயிறு குறையும்பாங்க. உங்களுக்குப் போட்டிருக்கு?"

அப்போதுதான் காட்டுக்குள்ளிருந்து விசில் கேட்டது. ஒன்று கிழக்கே. ஒன்று வடக்கே. ஒன்று, கேட்டால் கடல் தாண்டி மலேசியாவில், ஜொகூர்ப் பக்கம் என்று தோன்றியது. "எங்கடா பேப்பர்?" என்று யாரோ தூரத்தில் கத்த, "இங்கயும் இல்லடா!" என்று இன்னொரு மூலையிலிருந்து பதில். ராஜு சோடாவைக் கீழே வைத்தார். என் சட்டையை இன்னொருமுறை பார்த்தார். மேல் பொத்தானை ஒரு விரலால் அவிழ்த்தார். கார்த்திகை மாதம் முழுவதும் சரிந்து கீழே விழுந்தது.

பாதிக் கூட்டம் உள்ளே மாட்டிக்கொண்டது. அதில் அண்ணாச்சியும் ஒருவர். ஒருவர் ஒருவராக, முள் கிழித்த காலோடும் தலையில் சிலந்தி வலையோடும் வெளியே வந்தார்கள். எல்லோரும் வந்த பிறகும் அண்ணாச்சி வரவில்லை. வெளிச்சம் மங்கத் தொடங்கியது. ஆர்டரைத் தொலைத்ததோடு ஆர்டர் கொடுக்கிறவரையும் தொலைத்துவிட்டோமே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கடைசியில் ஒரு காய்கறி வண்டி மண் பாதையில் ஆடி ஆடி வந்தது. பின்னால் கீரைக்கட்டுகளுக்கு நடுவில், மணவறையில் உட்கார்ந்த மாதிரி, சவரிமுத்து அண்ணாச்சி. பக்கத்துக் கம்பத்தில், அதாவது கிராமத்தில், கீரை போடுகிற ஒரு சீனக் கிழவர் அவரைப் பாத்திக்குள்ளிருந்து எடுத்திருக்கிறார்.

இறங்கினார். தரையில் குவிந்திருந்த தாள்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஏன்?" என்று ஒரே வார்த்தைதான் கேட்டார்.

"சரஸ்வதி, அண்ணாச்சி" என்றேன். வேறு என்ன சொல்வது?

"நான் அந்தோணியார் கோயில் ஆளு. என்கிட்டயே சரஸ்வதியச் சொல்றியா?"

"அதோட... ஃபைன்."

ஆ லெங்தான் முதலில் வெடித்தார். இந்தத் தடவை யாரும் மொழிபெயர்க்கவில்லை; நான் சட்டைக்குள்ளிருந்து தை மாதத்தை எடுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தே புரிந்துகொண்டார். பிறகு பல் வைத்தியர். பிறகு லாரியே குலுங்கியது. அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்கினாரா கோபத்தை அடக்கினாரா என்று கன்னத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை.

"வழியைக் கெடுத்தவன்தான் அடுத்த முயல். இது எங்க கூட்டத்துச் சட்டம்" என்றார் ராஜு.

"அதுதான் சரி" என்றார் அண்ணாச்சி. "தம்பி, அடுத்த சனிக்கிழமை நீ முயல். கடைசி வரைக்கும் யார் கையிலும் மாட்டாம லாரியத் தொட்டேன்னா ஆர்டர் உங்களுக்கு. மாட்டினேன்னா வேற அச்சகத்துக்கு. இத்தனை பேரும் சாட்சி."

ஐப்பசியில் அக்காவுக்கு வேலை இருக்குமா இருக்காதா என்பது, நான் ஓடிப்பிடித்து விளையாடுவதில் வந்து நின்றது.

முதலாளிக்குத் தந்தி கொடுக்கப் போனேன். 'முயலாக இருக்க வேண்டியுள்ளது' என்பதை ஆங்கிலத்தில் எப்படி எழுதினாலும் எனக்குப் புத்தி பேதலித்ததாகத்தான் தெரிந்தது. 'பேச்சுவார்த்தை ஒரு வாரம் நீடிக்கும்' என்று மட்டும் எழுதினேன்.

அந்த வாரம் முழுக்க நான் படித்தேன். பரீட்சைக்குப் படிப்பதுபோல். காட்டை மறுபடி பார்க்க உட்லண்ட்ஸுக்குப் பஸ் ஏறினேன். இறங்க வேண்டிய இடத்தில் யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்துவிட்டேன். இறங்கியபோது ஒரு பெருங்கூட்டம் என்னை அள்ளிக்கொண்டு போனது. வேலை முடிந்து பாலத்தைக் கடந்து ஜொகூருக்குத் திரும்புகிறவர்கள். வரிசையில் நின்றால் ஏதோ கிடைக்கும் என்று வளர்ந்தவன் நான், நின்றுவிட்டேன். முன்னால் போனால் பாஸ்போர்ட் கேட்கிறார்கள். அது மெஸ்ஸில் பாயின் அடியில் இருந்தது. "எங்கே போகிறாய்?" என்று அதிகாரி கேட்டார். "காட்டுக்கு" என்றேன். நல்ல மனிதர். கையை நீட்டி எதிர்ப்பக்கத்தைக் காட்டினார்.

இன்னொரு நாள், ஓர் அடுக்குமாடி வீட்டின் கீழ்த்தளத்தில் பிள்ளைகள் ஒளிந்து விளையாடுவதைத் தூணோரம் நின்று கவனித்தேன். காய்கறிப் பையோடு வந்த ஓர் அம்மா என் பக்கத்தில் வந்து நின்றார்.

"என்ன, ரொம்ப நேரமாப் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?"

"எப்படி ஒளியிறாங்கன்னு பாக்குறேன்க்கா."

"எதுக்கு?"

"சனிக்கிழமை நான் ஒளியணும்."

போலீஸைக் கூப்பிடத்தான் போகிறார் என்று நினைத்தேன். அவர் பையைக் கீழே வைத்தார். சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "தூரமா ஓடி ஒளியாதீங்க. அதுதான் எல்லாரும் செய்யிற தப்பு. அவங்க நிக்கிற இடத்துக்குப் பக்கத்துலயே ஒளியணும். நாங்க செம்பவாங்ல இருந்தப்ப எங்கண்ணன் தேடித் தேடி அழுதுருவான். நான் அவன் பின்னாடி இருக்கிற தொட்டிக்குள்ளதான் இருப்பேன்." கண்கள் பளபளத்தன. பிறகு பையை எடுத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காததுபோல் லிஃப்ட்டுக்குள் போய்விட்டார்.

பேப்பர்ப் பிரச்சினையையும் தீர்த்தேன். தேக்காவுக்குப் பின்னால் ஒரு சின்ன அச்சகத்தில் ஓரம் வெட்டிய வெள்ளைத் துண்டுகளைக் கேட்டு வாங்கினேன். ஓர் எழுத்துகூட இல்லாத காகிதம். சரஸ்வதி இன்னும் வந்து உட்காராத காகிதம்.

இரண்டாம் சனிக்கிழமை மதியம் மழை பெய்து விட்டிருந்தது. ராஜு தன் அரைக்கால் சட்டை ஒன்றைக் கொடுத்தார். சப்பாத்தை நான் லாரியிலேயே கழற்றி வைத்துவிட்டேன். "முள்ளு குத்தும் லா" என்றார்கள். குத்தட்டும். தெருவில் ஓடாத காலாக இருந்தாலும் செருப்பில்லாமல் பள்ளிக்கூடத்துக்கு நடந்த கால் அது.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடினேன். முதல் பொய் வழியை லாலாங் புல்லுக்குள் போட்டேன். இரண்டாவதைக் கீரைக்காரக் கிழவரின் வேலிவரை கொண்டுபோய் விட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, போன வாரம் எடுத்த ஆளை நினைத்தோ என்னவோ, வண்டியைத் துடைக்கப் போனார். மூன்றாவதை வட்டமாகப் போட்டேன். புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும். பின்னால் விசில் கேட்டது. "பேப்பர்!" என்று கத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் "பொய்யி! பொய்யி!" என்று கத்தினார்கள். என் நெஞ்சுக்குள் ஏதோ கிச்சுகிச்சு மூட்டியது. பெரிய மனிதர்கள், பல் பிடுங்குகிற டாக்டர் உட்பட, நான் போட்ட வட்டத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள்!

அந்த அம்மா சொன்னபடி தூரமாக ஓடவில்லை. அவர்கள் சுற்றுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே சிமெண்டு வாய்க்கால் ஒன்று இருந்தது. அதன்மேல் பலகைபோல் ஒரு சின்னப் பாலம். அடியில் குனிந்து உட்கார்ந்துகொண்டேன். கணுக்கால்வரை மழைத் தண்ணீர். கொசு. சத்தம் குறைந்ததும் லாரியை நோக்கி ஓடிவிடலாம் என்று கணக்கு.

அப்போது பலகையின்மேல் கனமாக ஒருவர் வந்து உட்கார்ந்தார். வெள்ளைச் சப்பாத்து என் மூக்குக்கு நேரே தொங்கியது.

"மாதாவே," என்றார் அண்ணாச்சி தனக்குத்தானே, "இந்தப் பய பிள்ளைக்கு இவ்வளவு மூளையா?"

சப்பாத்தைக் கழற்றிக் கவிழ்த்தார். உள்ளிருந்து ஒரு சின்னக் கல் என் தலைமேல் விழுந்தது. நான் மூச்சைப் பிடித்தேன். அக்காவை நினைத்தேன். முதலாளியை நினைத்தேன். பல்லைக் கடித்தேன். ஒன்றும் பலிக்கவில்லை. எங்கிருந்தோ, இருபத்தாறு வருடமாக உள்ளே பூட்டிக் கிடந்த ஒரு சிரிப்பு, மூக்கு வழியாகப் பீறிட்டு வந்துவிட்டது.

பலகைக்கு மேலிருந்து அண்ணாச்சியின் முகம் தலைகீழாக இறங்கியது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். கையை நீட்டினால் போதும். தொட்டுவிட்டால் முயல் மாட்டியது.

கை நீண்டது. அந்த நேரம் பார்த்து ஆ லெங்கின் விசில் மிக அருகே கேட்டது. அண்ணாச்சி அந்தப் பக்கம் திரும்பினார். இந்தப் பக்கம் திரும்பினார். அப்புறம், நான் சத்தியமாகச் சொல்கிறேன், தொப்பென்று வாய்க்காலுக்குள் இறங்கி என் பக்கத்தில் பலகைக்கு அடியில் நுழைந்துகொண்டார்.

"அண்ணாச்சி... நான் மாட்டிட்டேனா?"

"ஷ்ஷ்! வாய மூடு. வர்றானுங்க."

தலைக்கு மேல் திமுதிமுவென்று கால்கள் ஓடின. ஆ லெங் சீன மொழியில் முயலின் வம்சத்தையே விசாரித்துக்கொண்டு போனார். அண்ணாச்சி இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். வயிறு மட்டும் குலுங்கியது. அது குலுங்கிய குலுங்கலில் தண்ணீரில் அலை எழும்பி என் முழங்காலில் மோதியது.

சத்தம் தேய்ந்ததும் என் தோளைப் பார்த்தார். "பையில இன்னும் பேப்பர் இருக்கா?"

"இருக்கு."

"குடு."

"அது முயலோட பையி, அண்ணாச்சி."

"தெரியும்டா. இந்தக் கூட்டம் ஆரம்பிச்சதுலேர்ந்து ஓடுறேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, என்னைய முயலா விட்டதில்ல இவனுங்க. 'நீ குண்டு, ரெண்டு நிமிஷத்துல மாட்டிக்குவே'ன்னு சிரிப்பானுங்க. குடு பைய."

கொடுத்தேன். அவர் அதைக் குறுக்காக மாட்டிக்கொண்டு வாய்க்காலிலிருந்து ஏறினார். நான் பின்னாலிருந்து தள்ளினேன். ஏறியதும் ஓடினார் பாருங்கள்! ஓட்டம் என்று அதைச் சொல்ல முடியாது, உருண்டார். கைநிறையப் பேப்பரை அள்ளி, கோயில் தேருக்குப் பூப்போடுகிற மாதிரி இரண்டு பக்கமும் வீசினார். "இப்படிப் போடு, இது பொய்யி!" என்று ஒரு புதருக்குள் நுழைந்து வெளியே வருவார். "இதுவும் பொய்யி!" என்று இன்னொரு மரத்தைச் சுற்றுவார். உண்மை வழி என்று ஒன்று இருக்க வேண்டுமே என்று நான் ஞாபகப்படுத்தவில்லை. நானும் சுற்றினேன். சேற்றில் வேண்டுமென்றே காலை வைத்தேன். ஒரு வேரிலிருந்து இன்னொரு வேருக்குக் குதித்தேன், குதிக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லாமல். அந்த நேரத்தில் ஆர்டர் என் நினைவிலேயே இல்லை. இதை என் முதலாளி படிக்கமாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

மரங்கள் முடிந்து மண் பாதை தெரிந்தது. லாரி நின்றது. பின்னாலிருந்து, "அந்தா! அந்தா போறான்!" என்று கூச்சல். மொத்தக் கூட்டமும் காட்டைப் பிளந்துகொண்டு வந்தது.

"நீ ஓடு தம்பி! லாரியத் தொடு!" என்று அண்ணாச்சி கத்தினார். அக்கா சட்டென்று ஞாபகத்துக்கு வந்தாள். ஓடினேன். வெறுங்கால் தரையில் பட்டதாகவே தெரியவில்லை. லாரியின் பின்தட்டில் இரண்டு கையையும் ஓங்கி அடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன்.

அண்ணாச்சி பாதை நடுவில் வந்துகொண்டிருந்தார். இன்னும் பேப்பர் வீசிக்கொண்டே. ஆ லெங் ஒரே தாவாகத் தாவி, அவர் பனியனைப் பின்கழுத்தில் கொத்தாகப் பிடிக்க, இருவரும் பாதையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

பெரிய வழக்காகிவிட்டது. முயல் லாரியைத் தொட்டுவிட்டது என்றார் பல் வைத்தியர். பை யார் தோளில் இருக்கிறதோ அவன்தான் முயல்; ஆகவே முயல் மாட்டிவிட்டது என்றார் ஆ லெங். அப்படியானால் வேறு அச்சகத்துக்குத்தானே ஆர்டர் என்று யாரோ கேட்டார். கடைசியில் ராஜு கையைத் தூக்கினார்.

"மாட்டினா ஆர்டர் போயிரும்னு சொன்னது இந்தத் தம்பிக்கு. தம்பி மாட்டல. மாட்டினது சவரிமுத்துண்ணே. அவருக்கு ஏது அச்சகம், ஆர்டரை மாத்துறதுக்கு?"

எல்லோரும் அண்ணாச்சியைப் பார்த்தோம். அவர் அப்படியே பாதையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். முட்டியெல்லாம் சேறு, வயிற்றின்மேல் லாலாங் புல். கழுத்துப் பனியன் இன்னும் ஆ லெங்கின் பிடியில்.

"காலண்டர் உங்களுக்குத்தான், போ" என்றார் என்னிடம், முகத்தைத் திருப்பாமலே. அவர் கண் காட்டின் ஓரத்தில் இருந்தது. அங்கே பின்தங்கிய ஆட்கள் இரண்டு மூன்று பேர் அப்போதுதான் வெளியே வந்துகொண்டிருந்தார்கள்.

ஆ லெங் எழுந்திருக்கப் பார்த்துப் பிடியைத் தளர்த்தினார். அண்ணாச்சி அவர் கையைப் பற்றித் திரும்பத் தன் பின்கழுத்திலேயே வைத்துக்கொண்டார்.

"எடுக்காதய்யா, கொஞ்ச நேரம் அப்படியே புடிச்சுக்க. அவனுங்களும் வந்து பாக்கட்டும்."